கார்ட் பந்தயத்துக்கு முதல் கிளட்ச்: கையைக் கடிக்காத விலையில், நம்பி ஓட்டும்படி

புதிதாகக் கார்ட் (கோ-கார்ட் என்னும் சின்னத் திறந்த பந்தய வண்டி) பந்தயத்துக்கு வருகிறவர்கள் எஞ்சினைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள், டயரைப் பற்றி ஐம்பது. கிளட்ச்சைப் பற்றிய முதல் கேள்வி அது புகைந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் டிரம் நீலம் பாரித்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அன்றைய பந்தயமும் போயிருக்கும்.

இந்தக் கட்டுரை அமெரிக்காவின் கிளப் பந்தயங்களில் ஓடும் சிறிய நான்கு-ஸ்ட்ரோக் கார்ட்களைப் பற்றியது. அதாவது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எல்ஓ206 எஞ்சின் பூட்டியவை, அல்லது ஹோண்டா ஜிஎக்ஸ்200-இன் சாயலில் வரும் பிரிடேட்டர் 212 போன்ற 'குளோன்' எஞ்சின் பூட்டியவை. குறைந்த செலவில் பந்தயம் என்றால் அங்கே பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். கிளட்ச்சை நாமே தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் தொல்லையும் இந்த வகுப்புகளில்தான் அதிகம். இந்தியாவில் ரோட்டாக்ஸ் மேக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. கிளட்ச் எஞ்சினோடு சேர்ந்தே வரும், விதிப்படி அதையேதான் ஓட்டியாக வேண்டும். வாடகைக் கார்ட்டில் கிளட்ச் முதலாளியின் கவலை.

என் கட்சி இதுதான்: விலைச்சீட்டில் குறைவாக இருப்பது மலிவான கிளட்ச் அல்ல. குறைவாக நழுவுவதும், ஸ்பிரிங்கும் டிரம்மும் உங்கள் களத்திலேயே கிடைப்பதும்தான் மலிவான கிளட்ச். இந்த இரண்டையும் பார்த்து வாங்கினால் மற்றது தானாக வரும்.

உள்ளே என்ன நடக்கிறது

டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டியவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கையில் கிளட்ச் லீவர் இல்லை. ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி கிளம்பும், விட்டால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வண்டி நிற்கும். கார்ட்டில் இருப்பதும் அதே மையவிலக்குக் கிளட்ச்தான்.

எஞ்சினிலிருந்து நீளும் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முனையில் ஒரு ஹப் (நடுக்குடம்), கீ என்னும் சிறு ஆப்பு போட்டுப் பூட்டியிருக்கும். அதைச் சுற்றி ஷூக்கள் என்னும் உராய்வுக் கட்டைகள், ஷூக்களை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். இவற்றுக்கு மேல் தொப்பிபோல ஒரு டிரம். டிரம்மோடு ஸ்பிராக்கெட் என்னும் பல்சக்கரம், ஸ்பிராக்கெட்டில் செயின். ஐடிலிங்கில் ஹப்பும் ஷூவும் சுற்றும், டிரம் சும்மா நிற்கும். வேகம் கூடும்போது ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி வெளியே பறந்து டிரம்மின் உள்சுவரைப் பிடிக்கும்.

இதில் ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். ஷூவை வெளியே தள்ளும் விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கமாகக் கூடும். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. அதனால் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் வேகத்துக்கும் நழுவாமல் முழுதாகப் பூட்டிக்கொள்ளும் வேகத்துக்கும் நடுவே உள்ள பகுதிதான் ஆபத்தான இடம். அங்கேதான் சூடு பிறக்கிறது. அந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதே கிளட்ச்சின் ஆயுள்.

ஒரு வேடிக்கை. பந்தயக் கார்ட்கள் பல காலம் கிளட்ச்சே இல்லாமல் ஓடின. தள்ளிக்கொண்டே ஓடித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். உலகப் போட்டிகளில் 2007-இல் வந்த கேஎஃப் எஞ்சின்கள் கிளட்ச்சையும் செல்ஃப் ஸ்டார்ட்டரையும் கொண்டுவந்தன. 2016-இல் வந்த ஓகே வகுப்பு இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் விதிப்புத்தகம், பிறகு பணப்பை

உங்கள் களத்தின் விதிப்புத்தகத்தில் கிளட்ச் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். எல்ஓ206 வகுப்புகளில் பல கிளப்கள் உலர்ந்த ஷூ-டிரம் வகையை மட்டும்தான் அனுமதிக்கின்றன. செலவு ஏறக்கூடாது என்பதே காரணம். சில இடங்களில் இன்னின்ன மாடல் மட்டும் என்று பெயரே போட்டிருப்பார்கள். ஷூவுக்குப் பதில் தட்டுகளால் பிடிக்கும் நல்ல டிஸ்க் கிளட்ச் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, சோதனை மேசையில் "இது செல்லாது" என்று கேட்பதில் என்ன லாபம்?

விதியைப் படித்த கையோடு ஒரு சனிக்கிழமை களத்துக்கு வெறுங்கையோடு போய் வாருங்கள். உதிரிபாகம் விற்கும் டிரெய்லரில் எந்தக் கிளட்ச்சின் ஸ்பிரிங், ஷூ, டிரம் தொங்குகின்றன என்று பாருங்கள். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் எதைப் பூட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அந்தக் களத்தில் எல்லோரும் ஹில்லியர்ட் நிறுவனத்தின் கிளட்ச் வைத்திருக்க, நீங்கள் மட்டும் இணையத்தில் பார்த்த வேறொன்றை வைத்திருந்தால், பந்தய நாளில் ஒரு ஸ்பிரிங் உடைந்தாலும் கடன் கொடுக்க ஆள் இருக்காது.

அளவு: ஷாஃப்ட், செயின், பல்

எல்ஓ206-க்கும் 200 சிசி அளவுள்ள குளோன்களுக்கும் ஷாஃப்ட் விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். கீயின் அகலம் 3/16 அங்குலம். 390 சிசி அளவிலுள்ள பெரிய எஞ்சின்களில் பொதுவாக ஓர் அங்குல ஷாஃப்ட் வரும், அவற்றின் கிளட்ச் வேறு. 'ஏறக்குறைய சரி' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. துளை ஒரு மயிரிழை பெரிதாக இருந்தாலும் ஹப் ஆடும், கீ வெட்டுப்படும்.

அடுத்தது செயின். பந்தயக் கார்ட்களில் 219 அல்லது 35 எண் செயின்தான் இருக்கும். 219-இன் கண்ணிகளுக்கு இடையே 7.775 மில்லிமீட்டர், 35-இல் 3/8 அங்குலம், அதாவது 9.525 மில்லிமீட்டர். தோட்டத்தில் ஓட்டும் விளையாட்டுக் கார்ட்களில் இன்னும் தடிமனான 40, 41, 420 எண் செயின்கள் வரும். பின் ஆக்சிலில் ஏற்கெனவே என்ன ஸ்பிராக்கெட் இருக்கிறதோ அதற்கேற்ற கிளட்ச் ஸ்பிராக்கெட் வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால், உங்கள் களத்தில் எது அதிகம் ஓடுகிறதோ அதுவே போதும்.

ஸ்பிராக்கெட் கழற்றி மாற்றக்கூடியதா, டிரம்மோடு ஒட்டியதா என்றும் கேளுங்கள். ஒட்டியதாக இருந்தால் ஒரு பல் கூட்டிக் குறைக்க முழு டிரம்மையே மாற்ற வேண்டும். மாற்றக்கூடியது சற்று விலை அதிகம். ஒரு சீசனில் அது வட்டியோடு திரும்பிவிடும்.

கடைசியாக, ஸ்பிராக்கெட் எஞ்சின் பக்கம் வரவேண்டுமா, வெளிப்பக்கமா? எஞ்சினை ஃபிரேமில் உட்காரவைத்து, ஆக்சில் ஸ்பிராக்கெட்டுக்கு நேராக ஒரு நீள ஸ்கேலைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எஞ்சின் பக்கம் வைத்தால் கிராங்க்ஷாஃப்ட்டில் விழும் வளைவுச் சுமை குறையும். முடிந்தால் அப்படியே வையுங்கள். சில கிளட்ச்களில் சுழல் திசைக்கான அம்புக்குறி இருக்கும். திருப்பிப் பூட்டும் முன் அதைக் கவனியுங்கள்.

என்னென்ன கிடைக்கிறது

மிகக் கீழே இருப்பவை இணையத்தில் சில பத்து டாலருக்கு வரும் பெயரில்லாத கிளட்ச்கள். விளையாட்டுக் கார்ட்டுக்கு அவை போதும். 12 பல் ஸ்பிராக்கெட், 2000 ஆர்பிஎம் பக்கத்தில் பிடிக்கும் ஸ்பிரிங், உள்ளே ஒரு வெண்கலப் புஷ் (டிரம் மேலே சுழலும் குழல்). பந்தயத்துக்கு இவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தரம் மோசம் என்பதைவிட, ஸ்பிரிங்கை மாற்றிப் பிடிக்கும் வேகத்தைத் திருத்த வழியில்லை என்பதே பெரிய குறை. ஒன்று போனால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதற்கு மேல் நாம் தேடும் இடம்: பந்தயத்துக்கென்றே செய்த டிரம் கிளட்ச்கள். நியூயார்க் மாநிலம் எல்மைராவில் 1905 முதல் இருக்கும் ஹில்லியர்ட் நிறுவனத்தின் ஃபிளேம் வரிசை, மேக்ஸ்-டார்க்கின் பந்தய மாடல்கள், நோராமின் சீட்டா, ஸ்டிங்கர் ஆகியவை பரவலாக ஓடுகின்றன. பெரும்பாலும் நூறு டாலரிலிருந்து இருநூறு டாலர் வரை ஆகும். ஸ்பிரிங், ஷூ, டிரம், பேரிங் எல்லாம் தனித்தனியாக வாங்கலாம். புதியவருக்கு என் பரிந்துரை இந்த வகைதான், வேறு யோசனையே வேண்டாம். இவற்றுக்குள் எது உசத்தி என்ற வாக்குவாதம் ஒவ்வொரு களத்திலும் நடக்கும். சரியான ஸ்பிரிங் போட்டு நேராகப் பூட்டினால், முதல் சீசனில் இவற்றுக்குள் உள்ள வித்தியாசத்தை உங்களால் உணரவே முடியாது.

மேலே டிஸ்க் கிளட்ச்கள். புல்லி, ஹார்ஸ்ட்மேன் போன்ற பெயர்கள் காதில் விழும். விலை டிரம் வகையைவிட இரண்டு மூன்று மடங்கு. நன்றாகப் பூட்டிக்கொள்ளும், அதிக சக்தியைத் தாங்கும், நுணுக்கமாகத் திருத்தலாம். ஆனால் தட்டுகளின் இடைவெளி, எடைகள், ஸ்பிரிங் உயரம் மூன்றையும் அளந்து வைக்கத் தெரிய வேண்டும். இடைவெளி தேய்ந்து பெரிதாவதை அடிக்கடி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டுப் பார்க்கவும் வேண்டும். மாற்றங்கள் செய்த குளோன் எஞ்சின், ஓவல் களம், டூ-ஸ்ட்ரோக் யமஹா கேடி100 என்று போகும்போது யோசித்துக்கொள்ளலாம். முதல் வருடத்தில் வேண்டாம்.

இடையில் ஒரு வார்த்தை. பெரிய டயர் போட்டுப் புல்வெளியிலும் மேட்டிலும் ஏறும் கார்ட் உங்களுடையது என்றால் எந்த ஷூ கிளட்ச்சும் அதற்குத் தாங்காது. அதற்கு பெல்ட்டில் ஓடும் டார்க் கன்வெர்ட்டர்தான் பொருத்தம். கடைகளில் 'டிஏவி2' என்றோ '30 சீரிஸ்' என்றோ கேட்டால் தருவார்கள்.

பிடிக்கும் வேகம்: இங்கே கொஞ்சம் நிற்போம்

எந்தக் கிளட்ச் என்பதைவிட எந்த ஸ்பிரிங் என்பதுதான் முக்கியம். ஆரம்பத்தில் யாரும் இதை நம்புவதில்லை.

பிடிக்கும் வேகம் என்று இங்கே சொல்வது ஷூ தொடத் தொடங்கும் வேகத்தை அல்ல, முழு மிதியில் எஞ்சினின் ஆர்பிஎம் முட்டி நிற்கும் எண்ணை. கொள்கை எளிது: எஞ்சினின் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும் ஆர்பிஎம்முக்கு அருகில் கிளட்ச் பிடிக்க வேண்டும். அதற்கு வெகு கீழே பிடித்தால் எஞ்சின் திணறும், வளைவிலிருந்து வெளியே வரும்போது முக்கும். வெகு மேலே பிடித்தால் எஞ்சின் கத்தும், கார்ட் நகராது, டிரம் வேகும்.

சாதாரண ஹோண்டா ஜிஎக்ஸ்200-இன் முறுக்குவிசை உச்சம் 2500 ஆர்பிஎம்மில், 12.4 நியூட்டன் மீட்டர். எந்த மாற்றமும் செய்யாத அந்த வகை எஞ்சினுக்கு 2200-லிருந்து 2600 வரை பிடிக்கும் கிளட்ச் பொருந்தும். எல்ஓ206 இன்னும் மேலே ஓடும் எஞ்சின், அதன் வேக வரம்பு 6100. அதற்குப் பலரும் 3000-க்கும் 3400-க்கும் நடுவே வைக்கிறார்கள். குழந்தைகள் வகுப்புகளில் கார்புரேட்டரில் கட்டுப்பாடு போட்டு எஞ்சினின் மூச்சைக் குறைத்திருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் கீழே வைக்க வேண்டும். அப்பா கார்ட்டிலிருந்து கழற்றிய கிளட்ச்சை அப்படியே மகள் கார்ட்டில் மாட்டினால், ஒவ்வொரு வளைவிலும் அது நழுவிக்கொண்டே இருக்கும்.

இந்த எண்கள் களத்தில் என்ன ஆகின்றன என்று ஓர் உதாரணம். கிளட்ச்சில் 18 பல், ஆக்சிலில் 66 பல். விகிதம் 3.67. பின் டயரின் சுற்றளவு 86 சென்டிமீட்டர் என்று வையுங்கள். எஞ்சின் 6100-இல் இருக்கும்போது கார்ட் மணிக்குச் சுமார் 86 கிலோமீட்டரில் போகும். கிளட்ச் 3200-இல் பிடிக்கிறது என்றால், அந்த ஆர்பிஎம்முக்கு இணையான வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். அதாவது ஒரு கூர் வளைவிலிருந்து 38-இல் வெளியே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால், 45-ஐத் தொடும்வரை கிளட்ச் நழுவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு கூர் வளைவிலும்.

இப்போது நேர்ப்பாதையில் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கட்டுமே என்று ஆக்சில் ஸ்பிராக்கெட்டை 60 பல்லாக மாற்றுகிறீர்கள். அதே கிளட்ச், அதே ஸ்பிரிங். நழுவும் எல்லை 45-லிருந்து கிட்டத்தட்ட 50-க்கு ஏறிவிட்டது. கிளட்ச்சில் எதையும் தொடவில்லை, ஆனால் அதன் வேலை கூடிவிட்டது. "நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று ஏன் புகைகிறது" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "பின்னால் பல் மாற்றினீர்களா?" என்பதுதான்.

அளப்பது எப்படி? எஞ்சின் சூடாகட்டும். கார்ட் தரையில், எதிரே யாரும் நிற்காத திறந்த இடத்தில் இருக்கட்டும். இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு நொடி முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி ஓர் எண்ணில் முட்டி நிற்கும். அதுதான் பிடிக்கும் வேகம். உடனே விட்டுவிடுங்கள். இந்த ஒரு நொடியில் எஞ்சின் தரும் நான்கு கிலோவாட் அளவுச் சக்தி முழுவதும் டிரம்மில் சூடாக இறங்குகிறது. இரண்டாம் முறை பார்க்க வேண்டுமானால் ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள்.

வேகத்தையும் ஆர்பிஎம்மையும் பதிவு செய்யும் மைக்ரான் 5 போன்ற டேட்டா லாகர் இருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம். வளைவிலிருந்து வெளியே வரும் இடத்தில் வேகக்கோடு ஏறிக்கொண்டிருக்க, ஆர்பிஎம் கோடு படுத்துக் கிடந்தால் அதுதான் நழுவல். இரண்டும் சேர்ந்து ஏறத் தொடங்கும் இடத்தில் கிளட்ச் பூட்டிக்கொண்டது. லாகர் இல்லாதவர்கள் ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்ன டேக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் கருவி) ஒன்று வாங்கினால் போதும்.

ஸ்பிரிங்குகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த நிறம் எந்த ஆர்பிஎம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே கிளட்ச்சோடு வரும் அட்டவணைத் தாளைக் கருவிப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஒரே கிளட்ச்சில் இரண்டு நிறங்களைக் கலந்தும் போடலாம், ஆனால் எதிரெதிரே ஒரே நிறம் வரும்படி சமநிலையாக.

பழையது வாங்கலாமா

வாங்கலாம், கண்ணால் பார்த்துத்தான். புகைப்படம் போதாது.

டிரம்மைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்சுவர் மங்கலான சாம்பல் நிறத்தில், சீரான மெல்லிய கோடுகளோடு இருந்தால் நல்லது. வைக்கோல் நிறம் தெரிந்தால் கொஞ்சம் சூடு கண்டிருக்கிறது, பாதகமில்லை. நீலம் தெரிந்தால் அந்த எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது. வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தாலும், ஸ்பிராக்கெட் பக்கத்து மூலையில் அந்த நீலம் ஒளிந்திருக்கும். விரல் நகத்தை உள்சுவரின் விளிம்புவரை இழுங்கள். நகம் ஒரு படியில் தடுக்கினால் டிரம் தேய்ந்து குழிந்துவிட்டது என்று பொருள்.

ஷூக்களின் முகம் கண்ணாடிபோல மின்னுகிறதா? மின்னினால் கருகிப் பாலிஷ் ஆகியிருக்கிறது. தேய்த்துச் சரிசெய்யலாம், விலையைக் குறைக்க அது நல்ல காரணம். எல்லா ஷூவும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் எதோ கோணலாக ஓடியிருக்கிறது. ஸ்பிராக்கெட்டின் பற்கள் அலைபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. டிரம்மை ஷாஃப்ட்டில் போட்டு ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் புது புஷ்ஷோ பேரிங்கோ போட்டால் தீரும். ஹப்பின் துளையிலேயே ஆட்டம் இருந்தால் வாங்காதீர்கள்.

எவ்வளவு நல்ல பழைய கிளட்ச்சாக இருந்தாலும் ஸ்பிரிங்கை மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள். சில டாலர்தான். சூடு கண்ட ஸ்பிரிங்கின் வலுவைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

பழைய டிஸ்க் கிளட்ச் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

பூட்டுவது

ஷாஃப்ட்டைத் துடைத்து, துருவோ பிசிறோ இருந்தால் எமரி பேப்பரால் லேசாக எடுத்துவிடுங்கள். கிளட்ச் கையாலேயே வழுக்கிப் போக வேண்டும். சுத்தியல் வேண்டாம். அடிக்கும் அடி எல்லாம் எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்கில் போய் விழும். கீ அதன் பள்ளத்தில் முழுதாக உட்கார வேண்டும். பள்ளத்தின் முனையில் ஏறி நின்றால் ஹப் கோணும்.

போல்ட்டையும் தடிமனான வாஷரையும் போட்டு இறுக்கிய பின் டிரம்மை விரலால் சுழற்றுங்கள். தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும், முன்னும் பின்னும் மெல்லிய ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் ஐடிலிங்கிலேயே டிரம் இழுபடும். ஷிம் வாஷரைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள்.

பிறகு செயின் நேர்க்கோடு. இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று நீள ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கோணலாக ஓடும் செயின் முதலில் தின்பது கிளட்ச்சின் புஷ்ஷைத்தான். எஞ்சின் மவுண்ட் போல்ட்டை இறுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போது எஞ்சின் நகர்ந்துவிடும். செயின் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம்போல் அமுங்கட்டும்.

மேலே மூடி போடாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். செயின் அறுந்தால் எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைகள் சுற்றி நிற்கும் இடத்தில் திறந்த ஸ்பிராக்கெட் ஓடக்கூடாது.

பழக்குவதும் ஓட்டுவதும்

புது ஷூவுக்கும் டிரம்முக்கும் ஒன்றோடொன்று உரசிப் படிய அவகாசம் வேண்டும். முதல் முறை களத்தில் இறங்கும்போது நின்ற இடத்திலிருந்து மிதமாக நான்கைந்து முறை கிளம்பி நிறுத்துங்கள். உள்ளே வந்து தொட முடியும் அளவுக்கு ஆறவிடுங்கள். இன்னொருமுறை அதேபோல. அதற்குப் பிறகு பந்தய வேகம்.

கிளட்ச்சைக் கொல்வது பெரும்பாலும் காலடிப் பழக்கம். வாடகைக் கார்ட்டில் பழகியவர்கள் இரண்டு பெடலையும் ஒன்றாக மிதிக்கிறார்கள். வளைவுக்குள் நுழையும்போது இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலரேட்டரில். வேகம் பிடிக்கும் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த நொடி முழுவதும் டிரம் அரைபடுகிறது. இன்னொன்று, ஸ்டார்ட்டுக்கு முன் மெதுவாகச் சுற்றிவரும்போது பிரேக்கைத் தேய்த்து டயரைச் சூடாக்குவது. டயர் சூடாகிறதோ இல்லையோ, கிளட்ச் கண்டிப்பாகச் சூடாகும். மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் ஆக்சிலரேட்டரைத் தொட்டு விட்டு, தொட்டு விட்டுப் போங்கள். பாதி மிதியில் ஊர்ந்துகொண்டே போவதுதான் மிக மோசம்.

எண்ணெய், தூசி, வாடை

டிரம்முக்குள் வெண்கலப் புஷ் இருந்தால் ஒவ்வொரு பந்தய நாளும் ஒரு சொட்டு எண்ணெய் கேட்கும். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அவ்வளவுதான். அதற்கு மேல் விட்டது சுழன்று ஷூவில் தெறிக்கும். ஊசி பேரிங் உள்ளதென்றால் கழற்றும்போதெல்லாம் மெல்லிய பூச்சாகக் கிரீஸ். செயினுக்கு ஸ்பிரே அடிப்பது களத்திலிருந்து திரும்பியவுடன், செயின் சூடாக இருக்கும்போது, கிளட்ச்சை ஒரு துணியால் மூடிக்கொண்டு. பந்தயத்துக்குக் கிளம்பும் கடைசி நிமிடத்தில் அடித்தால் பாதி ஷூவுக்குப் போகும்.

டிரம்மை எப்போதாவது கழற்றிப் பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். டபிள்யூடி-40 வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். கிளீனர் முழுதாக உலர்ந்த பிறகே எஞ்சினை ஓட்டுங்கள், அதன் ஆவி சூட்டில் நல்லதல்ல. மின்னும் ஷூக்களைச் சமமான கண்ணாடி மேல் வைத்த உப்புத்தாளில் லேசாக உருட்டித் தேயுங்கள், வளைவு கெடாமல். டிரம்மின் உள்ளேயும் எமரியைக் குறுக்காக ஓட்டி அந்தப் பளபளப்பை எடுத்துவிடுங்கள்.

ஐடிலிங்கிலேயே கார்ட் ஊர்ந்தால் முதலில் ஐடிலிங் வேகத்தைப் பாருங்கள், பிறகு புஷ் வறண்டிருக்கிறதா என்று. இரண்டும் சரியென்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கிளம்பும்போது 'டடடட' என்று அதிர்ந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம், அல்லது ஷூவில் எண்ணெய் பட்டிருக்கலாம். துடைத்தும் போகவில்லை என்றால் டிரம்தான். எஞ்சின் கத்துகிறது, கார்ட் மெல்ல நகர்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் அந்தச் சுற்றோடு உள்ளே வந்துவிடுங்கள். இன்னும் இரண்டு சுற்று ஓட்டி ஓர் இடம் முன்னேறுவதன் விலை ஒரு முழுக் கிளட்ச்.

செலவுக் கணக்கைக் கிளட்ச்சின் விலையோடு நிறுத்தாதீர்கள். நூற்றைம்பது டாலர் கிளட்ச் வாங்குகிறீர்கள் என்றால், அதே நாளில் ஒரு மாற்று டிரம், இரண்டு செட் ஸ்பிரிங், ஒரு புஷ் அல்லது பேரிங், இரண்டு கீ, ஷாஃப்ட் போல்ட் ஒன்று ஆகியவற்றையும் சேர்த்து வாங்குங்கள். மொத்தம் கிளட்ச் விலையின் பாதிக்கு மேல் பெரும்பாலும் போகாது. நீலம் பாரித்த டிரம்மை மாற்றும்போது ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், டிரம் வெந்த சூட்டில்தான் ஸ்பிரிங்கும் வெந்தது. மாற்றியபின் அந்த ஒரு நொடிச் சோதனையைச் செய்து, பிடிக்கும் ஆர்பிஎம்மை மூடியில் ஒட்டிய தாளிலேயே தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அது 200 குறைந்திருந்தால் ஸ்பிரிங் தளரத் தொடங்கிவிட்டது, மாற்று செட்டை எடுக்கலாம்.